அண்ணனுக்கு வலிக்காத கல்

இந்துமதியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "பாவம், தங்கமான பிள்ள" என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், வேறென்ன. நான் ஏஞ்சலின். முத்தையாபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவளும் நானும் ஒரே உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறோம். பெற்றவளைவிட அவளோடு அதிக நேரம் இருந்தவள் நான்தான், அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

அந்த வீட்டில் மூன்று பேர். தாய் முத்துக்கனி, மகன் லிங்கராஜ், அவனுக்கு இளையவள் இந்துமதி. தகப்பன் பிள்ளைகளின் சின்ன வயதிலேயே போய்விட்டார். லிங்கராஜ் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு லோடு பிடித்துக்கொடுக்கும் ஆபீஸில் வேலை பார்த்தான். ஆள் வாட்டசாட்டம். வீட்டில் சீலா மீன் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்கு, தலை தாய்க்கு, இந்துமதிக்குக் குழம்பு. அவள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

முப்பது வயதைத் தொடுவதற்குள் லிங்கராஜுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பிரஷர் இருந்ததே அவனுக்குத் தெரியாது. முகம் ஊதி, கால் வீங்கி, டயாலிசிஸில் கிடந்தான். மாற்றுக் கிட்னி வைத்தால்தான் ஆள் தேறுவான் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முத்துக்கனிக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது. மிச்சம் இந்துமதிதான். அவள் கீழே போய் எல்லோருக்கும் இட்லி வாங்கிக்கொண்டு வருவதற்குள், "நம்ம இந்து குடுப்பா சார்" என்று தாய் டாக்டரிடம் சொல்லி முடித்துவிட்டாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று ஆஸ்பத்திரியில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, இல்லை என்றாள் இவள். அது பொய்யும் இல்லை. அவளை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்த வேண்டியிருந்ததில்லை.

இடப்பக்கக் கிட்னியை எடுத்து அண்ணனுக்கு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அவளிடமும் சொன்னார்கள்: "உங்களுக்கு இனி ஒண்ணுதாம்மா இருக்கு. நிறையத் தண்ணி குடிக்கணும், கடையில வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, வருஷம் ஒரு தடவை வந்து காட்டணும்." அந்த ஒன்று கெட்டால் அவள் கதி என்ன என்று அப்போதே நான் நினைத்தேன். ஆனால் மதுரைக்குப் போன கார் ஒவ்வொரு தடவையும் அவனுக்காக மட்டும்தான் போனது. கம்பெனியிலோ, தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் தாழ்ப்பாள் இல்லாத கக்கூஸ். உப்பு மூட்டைகளுக்கு நடுவே தகரக் கூரை வெக்கையில் அவள் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு நாளை ஓட்டினாள். ஏன், நாங்கள் எல்லோரும் அப்படித்தான். எங்களுக்காவது இரண்டு இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு நல்ல சம்பந்தம் சாத்தான்குளம் பக்கமிருந்து வந்தது. முத்துக்கனி கிட்னி விஷயத்தை மறைத்துவிட்டாள். பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். "ஒத்தக் கிட்னிக்காரிய எந்தலையில கட்டப் பாத்தியளோ?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் பூவோடு எழுந்துபோனாள். அண்ணனுக்குக் கொடுத்தவள் என்று ஒரு வார்த்தை எடுத்துச்சொல்ல லிங்கராஜுக்கு வாய் வரவில்லை. முத்துக்கனி அன்று ராத்திரிச் சோற்றைப் போடும்போதே, "சரி போவட்டும், எம்மவனுக்கு வேளாவேளைக்கு மாத்திர எடுத்துக்குடுக்க ஆளு வேண்டாமா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நாலு வருஷம் கழித்து லிங்கராஜுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஏதோ எகிறியிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், வைத்த கிட்னியின் வாசலில் கல் அடைத்து, கிட்னி வீங்கிக் கிடக்கிறது. அவனோ முந்தின நாள் புரோட்டா தின்றுவிட்டுப் படம் பார்த்துவிட்டு வந்தவன். துணைக்கு நானும் மதுரைக்குப் போயிருந்தேன். டாக்டர் எங்கள் நான்கு பேரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"கிட்னி வைக்கும்போது ரத்தக்குழாயை இணைப்போம், மூத்திரக்குழாயை இணைப்போம். நரம்பை இணைக்கிறதில்லை. அதனால கல் அடைச்சாலும் இவருக்கு வலி தெரியாது. அதுதான் ஆபத்து. டெஸ்ட்டுக்கு வரலைன்னா கிட்னி போயிருக்கும், போனதும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப வயித்தக் கிழிக்கணுமா சார்?" என்று கேட்டான் லிங்கராஜ்.

"வேண்டாம். வச்ச கிட்னி முன்பக்கம் அடிவயித்துல தோலுக்குக் கிட்டயே இருக்கு. மல்லாக்கப் படுக்க வச்சு முதல்ல ஒரு ட்யூப் போட்டு அடைச்ச நீரை வடிப்போம். வீக்கம் வடிஞ்சதும் அதே துவாரத்து வழியா பென்சில் தடிமன்ல ஒரு கருவியை விட்டு, லேசர்ல கல்லை உடைச்சு எடுத்துரலாம். கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்."

முத்துக்கனிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்லு யாரு கிட்னில? எம்மவன் கிட்னியா அது? இவ குடுத்ததுல்லா. செத்த மூதி, கல்லோட குடுத்துருக்கா."

"இல்லம்மா, எடுக்கும்போது அதுல கல் இல்லை. இது பிறகு உண்டானது. இவர் சரியாத் தண்ணி குடிக்கலை" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? வெளியே வராந்தாவில் இந்துமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நான் கெட்டதையா குடுத்துட்டேன்?" என்றாள். "கூறுகெட்ட கழுத, வாய மூடு" என்று திட்டினேன். திட்டிவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்தது. ட்யூப் போட்டார்கள், வடிந்தது, லேசர் விட்டு உடைத்தார்கள். வயிற்றில் ஒரு சின்னப் பிளாஸ்திரியோடு ஆள் எழுந்து நடந்தான். உடைத்த துண்டுகளில் கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மீதியைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து முத்துக்கனி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "இம்புட்டுக் கல்லு உள்ள கெடந்துருக்கு, எம்மவன் ஒரு முனங்கல் முனங்குனானா கேளுங்க" என்பாள் அவள். அவனும் தலையணையில் சாய்ந்துகொண்டு, "வலியா? அதெல்லாம் நம்ம மனசப் பொறுத்தது அண்ணாச்சி" என்று வந்தவர்களிடம் வேதாந்தம் பேசுவான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே லிங்கா, நரம்பு இல்லன்னுதானல டாக்டர் சொன்னாரு, நீ என்னமோ தாங்குன மாதிரிலா அளக்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். "ஒமக்கு எப்பவும் எம்மேல எரிச்சல்தான்க்கா" என்று சிரித்தான். முத்துக்கனியோ, நரம்பில்லை என்று சொன்னதெல்லாம் டாக்டர் பேச்சு, முத்தாரம்மன்தான் மகனுடைய வலியை வாங்கிக்கொண்டாள் என்று முடிவுகட்டிவிட்டாள். அடுத்த தசராவுக்கு அவன் அந்த அம்மனின் குலசைக் கோயிலுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ச்சையும் போட்டாள்.

மறுவருஷம் ஆடி மாதம் இந்துமதிக்கு வலி தொடங்கியது.

உப்பு அளந்துகொண்டிருந்தவள் அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டாள். வலப்பக்க விலாவில் பிடித்து, அடிவயிறு வரைக்கும் இழுக்கிறது என்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. "வாயு" என்றாள் அவளே. வீட்டில் சொன்னதற்கு முத்துக்கனி பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். வலி போனது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. கல்லாயிருக்குமோ என்று நான் கேட்ட அன்றைக்கு லிங்கராஜ் சாமி படத்தருகே இருந்த புட்டியை எடுத்து அவள் முன்னால் ஆட்டினான்.

"கல்லுன்னா இதுதான் கல்லு. எனக்கு வலிச்சுதா? ஒனக்குக் கல்லும் கெடயாது, ஒரு எழவும் கெடயாது. வேலைக்குப் போவ மடி, சோம்பேறி."

அவள் அதை நம்பினாள், அதுதான் கொடுமை. அண்ணனுக்குக் கல் இருந்து வலிக்கவில்லை, தனக்கு வலிக்கிறது, ஆகவே தனக்குக் கல் இல்லை. இப்படி ஒரு கணக்கு அவள் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. நான் தொண்டை கிழியாத குறையாகக் கத்தினேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், அண்ணனின் தசரா விரதம் முடியட்டும் என்றாள். வலி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒற்றைக் கிட்னிக்காரி தொடவே கூடாத மாத்திரை.

லிங்கராஜ் மாலை போட்டான். காளி வேஷம் என்றால் லேசுப்பட்டதில்லை. தலையில் சடாமுடியும் கிரீடமும், தோளுக்குப் பின்னால் கட்டின கைகள், தொங்கும் நாக்கு, கையில் சூலம். மேளத்தோடு தெருத்தெருவாக ஆடி, தட்டில் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் குலசையில் கொண்டுபோய் உண்டியலில் சேர்க்க வேண்டும். மாற்றுக் கிட்னிக்காரன் வெயிலில் ஆடினால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமே? அதற்கு ஆள் இந்துமதி. கேனும் உறிஞ்சுகுழலும் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே அலைவாள். மேளம் நிற்கிறபோதெல்லாம் நாக்கைத் தூக்கிப் பிடித்து அவனுக்குக் குழலை வைப்பாள். அவளுக்குத் தண்ணீர் இல்லாமல் இல்லை, கையிலேயே கேன் இருந்தது. ஆனால் வேஷக்காரர்களும் மேளக்காரர்களுமாக வரும் ஆண்கள் செட்டு சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும், இவள் தெருவில் எங்கே போவாள்? குடிக்காமலே இருந்தாள்.

ஆயுத பூஜை அன்று கம்பெனி லீவு. மதியம் செட்டு எங்கள் தெருவுக்கு வந்தது. மேளச் சத்தத்துக்கு வெளியே வந்தால், இந்துமதி சாக்கடைத் திட்டில் மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுக்கிறாள். கையைத் தொட்டேன், கொதித்தது.

"ஏளா, ஒண்ணுக்குப் போனியா?"

"நேத்து சாயங்காலம் கொஞ்சூண்டு போச்சுக்கா. இன்னைக்கு வரவே இல்ல."

"என் மாதாவே! எந்திரி. ஆட்டோ கூப்புடுதேன்."

அதற்குள் முத்துக்கனி வந்துவிட்டாள். மகளுக்கு முடியவில்லை என்றதும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாமா ஒரு தாய்? இவள் மகளை நடுத்தெருவுக்கு இழுத்துக்கொண்டுபோய்க் காளியின் காலடியில் உட்கார வைத்தாள். காளி வேஷக்காரர் வாயில் வருவது அம்மன் வாக்கு என்பது இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பிள்ளையைக் காலடியில் போடுவார்கள், கல்யாணம் எப்போது என்று கேட்பார்கள். நான் கோயிலுக்குப் போய் மாதாவிடம் அழுகிறவள், அடுத்தவர் சாமியைக் குறை சொல்ல மாட்டேன். அன்று பேசினது சாமி இல்லை. எனக்கு அவன் குரல் தெரியும்.

"தாயே, இவ நோவு நோவுன்னு சொல்லுதா. என்னன்னு சொல்லு" என்றாள் முத்துக்கனி.

காளி சூலத்தைத் தரையில் குத்தியது. வேப்பிலையால் இந்துமதியின் தலையில் மூன்று தட்டுத் தட்டியது. "நோவு இல்ல! எம்பிள்ள வயித்துல கல்லு கெடந்துது, அவன் அழுதானா? இவளுக்கு அண்ணன் பேருல பொறாம. மனசுல உள்ள அழுக்குதான் வயித்துல குத்துது. எங்கூட எஞ்சந்நிதிக்கு வரட்டும், எடுத்துப்போடுதேன்!"

பெண்கள் குலவை போட்டார்கள். இந்துமதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். காய்ச்சலில் அவள் பற்கள் கிட்டிப்போயிருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "ஏலே லிங்கா, அவளுக்கு இருக்கது ஒண்ணே ஒண்ணுதாம்லே! அதுவும் போயிரும்லே!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். முத்துக்கனி என் மேல் பாய்ந்தாள். "ஏளா, காளியப் பேரு சொல்லியா கூப்புடுத? வாயி அழுவிரும்!" மேளக்காரர்கள் என்னை ஓரமாகத் தள்ளினார்கள்.

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்கக்கா, அம்மனே சொல்லிட்டா. அண்ணன் வேற தண்ணி குடிச்சு ரொம்ப நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளையும் அறையலாம் போல இருந்தது.

குலசை போய் வேஷம் இறக்கிவிட்டு வேன் திரும்பினபோது அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் ஊதிக் கண் திறக்கவில்லை. முத்துக்கனி வாசலில் மகனை நிறுத்தி ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். நான்தான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் கிட்னியில் ட்யூப் போட்டார்கள். மூத்திரம் வரவில்லை, சீழ் வந்தது. பல நாள் ஐசியூவில் கிடந்து, உயிர் மட்டும் திரும்பியது. கண் விழித்த பிறகு டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டார்.

"பல வாரமா கல் அடைச்சிருக்கும்மா. வலிக்காமயா இருந்தது?"

"வலிச்சுது சார்."

"வலிச்சும் ஏன் வரலை? முன்னாடியே வந்திருந்தா ஒரு சின்ன துவாரத்துல எடுத்திருக்கலாமே?"

"எங்க அண்ணனுக்கு வலிக்கல சார்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் கிட்னி திரும்ப வேலை செய்யவில்லை. இந்துமதி இப்போது டயாலிசிஸில் இருக்கிறாள். வாரம் மூன்று தடவை, ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிறார்கள். ஒருநாள் தாயும் அண்ணனும் வந்திருந்தபோது டாக்டர் வந்தார். மாற்றுக் கிட்னிதான் வழி, குடும்பத்தில் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தனக்குச் சர்க்கரை என்றாள் முத்துக்கனி. அரசாங்கப் பட்டியலில் பதிந்துவைக்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். இந்துமதி அண்ணனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அண்ணே" என்றாள். "என்னுது எனக்கு வேணும்ணே. திருப்பித் தா."

பிறந்ததிலிருந்து அவள் ஒரு பொருளை வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. லிங்கராஜின் கை சட்டைக்கு மேல் வயிற்றைப் பொத்திக்கொண்டது. எடுத்துத் திருப்பி வைக்கிற காரியமா அது? அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவள் கேட்டதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

முத்துக்கனி எழுந்து மகனுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றாள். "குடுத்ததத் திருப்பிக் கேக்க எப்பிடிளா மனசு வந்துது? நீயெல்லாம் ஒரு பொம்பளயா?" என்றாள். அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிறகு அவன் அந்த வார்டுப் பக்கம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் நான்தான்.

போன வாரம் அவளை வீட்டில் விடப் போனபோது லிங்கராஜின் அறைக்கதவில் ஆசாரி புதுத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். ராத்திரி அவன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கட்டும், இவள் மனசில் என்ன நினைத்துக்கொண்டு கிடக்கிறாளோ யார் கண்டது என்றாள் முத்துக்கனி. இந்துமதி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக அந்தக் கதவைத் தாண்டித் தன் பாய்க்குப் போனாள்.